வலது சப்பாத்து

மே 6, சனி

ஆரணியின் கலியாண அழைப்பிதழ் தபாலில் வந்தது. மகள் இருப்பது இதே உப்சாலாவில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். பெற்ற தாய்க்கு முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.

தடித்த வெள்ளை அட்டை. மூலையில் மஞ்சள் இல்லை, பிள்ளையார் இல்லை, ஏதோ காட்டுப்பூவின் படம். 'ஆரணியும் பொந்துஸும் உங்களை அழைக்கிறார்கள்' என்று சுவீடிஷில் எழுதியிருக்கிறது. இன்னாரின் மகள், இன்னாரின் மகன் என்று ஒரு சொல் கிடையாது. தாங்களாகவே மண்ணிலிருந்து முளைத்தவர்கள் மாதிரி. ஜூன் 17, டாலர்னா மாகாணத்தில் ஒரு ஏரிக்கரைத் தேவாலயம். மாப்பிள்ளையின் தாய் வீடு அங்கேதான். விருந்தில் பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று கீழே ஒரு போன் இலக்கம். வாழ்த்துவதற்கும் இந்த நாட்டில் நேரம் பதிய வேண்டும், அடுக்குமாடியின் பொதுச் சலவை அறைக்குப் பதிவதுபோல.

நான் போகப்போவதில்லை. பிறகு மனம் மாறிவிடக்கூடாது என்று இங்கே எழுதிவைக்கிறேன். லண்டனில் மகன் பிரணவனின் கலியாணம் முடிந்து வந்த அன்றே, இனி எவருடைய கலியாண வீட்டுக்கும் போவதில்லை என்று முடிவு செய்தவள் நான். மகள் என்றாலும் முடிவு முடிவுதான்.

பின்னேரம் போன் எடுத்தாள்.

"அம்மா, கார்ட் கிடைச்சுதோ?"

"கிடைச்சுது. வடிவாய் இருக்கு."

"வருவீங்கள்தானே?"

"முழங்கால் ஏலாது பிள்ளை."

"முழங்காலாலை நடந்தோ வரப்போறீங்கள்? ரயில் இருக்கு."

வாய்க்காரி. அப்படியே அவளுடைய அப்பாவின் வாய்.

மே 9, செவ்வாய்

சலவை அறையில் என் நேரத்தில் மூன்றாம் மாடிக்காரன் உடுப்புப் போட்டிருந்தான். எல்லாவற்றையும் ஈரத்தோடு எடுத்துக் கூடையில் வைத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சுவீடிஷில் எழுதிக் கதவில் ஒட்டினேன். ஒரு பிழை கிடையாது.

இந்த மொழியை நான் எவரிடமும் படித்ததில்லை. வந்த புதிதில் ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். சற்குணவதி என்ற என் பெயரை ஆசிரியை பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சாரா என்று கூப்பிடலாமா?" என்று கேட்டாள். அடுத்த நாள் நான் போகவில்லை. கடை விளம்பரத் தாள்களிலும் வானொலியின் வானிலை அறிக்கையிலும் நானே படித்துக்கொண்டேன். இன்றும் மழை, காற்று, இறைச்சி விலை மூன்றைப் பற்றியும் எனக்கு எவரோடும் பேச வரும்.

மே 14, ஞாயிறு

ஆரணி மத்தியானம் வந்தாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே கலியாண ஒழுங்குகளைச் சொன்னாள். கன்னிகாதானம் இல்லையாம். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வாசலிலிருந்து நடந்து போவதுதான் இங்கே வழக்கமாம். "நான் என்ன சாமானோ அம்மா, பிடிச்சுக் குடுக்கிறதுக்கு?" என்றாள். சரி, கொடுக்கத்தான் ஆள் எங்கே. அவளுடைய அப்பா போய் ஒன்பது வருடம்.

"ஆனா உங்களுக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள்.

பெண்ணை உடுத்துவிடும்போது இடது சப்பாத்துக்குள் தகப்பன் ஒரு வெள்ளிக்காசு வைப்பாராம். வலது சப்பாத்துக்குள் தாய் ஒரு பொன்காசு வைக்க வேண்டுமாம். பெண் அந்தக் காசுகளோடே நடந்து போவாளாம்.

"அப்பான்ரை காசை அண்ணா வைப்பான். பொன்காசு நீங்கள்தான்."

"பொன்னைச் சப்பாத்துக்குள்ளையோ? நடக்கேக்கை மிதிபடாதோ?"

"மிதிபடும். அதுக்கென்ன?"

"லட்சுமியைக் காலாலை மிதிக்கிறதுக்கோ உன்னைப் பெத்தனான்? எங்கடை ஆக்கள் கால் கொலுசே பொன்னிலை போடுறேல்லை."

"அம்மா, அது காசு. கையிலை ஒருநாளும் இல்லாமல் போகக்கூடாது எண்டு தாய் வைச்சு விடுறது. அவ்வளவுதான்."

"அந்தப் பழக்கத்தை அவையே வைச்சிருக்கட்டும். என்ரை கை அதிலை படவேண்டாம்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன், உங்கடை கைக்கு என்ன?" என்று கேட்டாள்.

"குழம்பு ஆறுது" என்றேன்.

போகும்போது கதவடியில் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"வராட்டி வராதேங்கோ. வேறை ஒருத்தரையும் நான் கேக்கமாட்டன். வலது சப்பாத்து வெறுமையாய்த்தான் இருக்கும். வெறுஞ் சப்பாத்தோடையே நடந்து போவன்."

இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

மே 15, திங்கள்

மீந்த குழம்பை நானே சாப்பிட்டேன். உப்புக் கூடிவிட்டது.

மே 21, ஞாயிறு

லண்டனிலிருந்து மச்சாள் பராசக்தி போன் எடுத்தாள். அவருடைய அக்கா. என்னைவிட மூத்தவள், புருஷன், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீடு.

"இஞ்சை பாரும் சற்குணம், பொடிச்சியின்ரை கலியாணத்துக்கு ரிக்கற் போட்டாச்சு. பிரணவனோடை வாறன். சப்பாத்துக் காசுக் கதையும் அவன் சொன்னவன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் வைக்கிறன். நல்ல காரியம், பொட்டும் பூவுமாய் இருக்கிற கையாலை நடக்கிறதுதானே முறை. நீர் வந்து பின்னாலை ஆறுதலாய் இரும்."

"நல்லது மச்சாள்" என்றேன்.

பிறகு அடுப்புத் தட்டுகளை எல்லாம் கழற்றிச் சோடாத் தூள் போட்டு உரஞ்சினேன். குளிர்சாதனப் பெட்டியை இழுத்து அதன் பின்பக்கத்தையும் துடைத்தேன். எவ்வளவு தூசி.

மச்சாள் கெட்டவள் இல்லை. பிரணவனின் கலியாணத்திலும் என் நன்மைக்குத்தான் செய்தாள். பிள்ளைகளை வாழ்த்த அறுகரிசித் தட்டோடு நான் மணவறைப் படியில் கால் வைத்தபோது, தட்டை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு, "இதிலை சரியான சனம் சற்குணம், பின்னாலை இரும், அங்கை நல்ல காத்து" என்றாள். தூணுக்குப் பின்னால் கதிரை போட்டிருந்தது. உண்மையாகவே நல்ல காற்று. அங்கிருந்து மகனின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. அவன் ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு ஐயர் ஏதோ சொன்னார், அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். பிள்ளைக்கு மந்திரம் சொல்லுகிற அவசரம்.

அதையெல்லாம் நான் நினைப்பதே இல்லை.

மே 28, ஞாயிறு

இன்று இந்த நாட்டின் அன்னையர் நாள். ஆரணி வரவில்லை. பொந்துஸ் வந்தான். இவ்வளவு நல்ல பையனுக்குப் பொந்துஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. கை நிறைய ஊதா நிற சிரேன் பூக்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். ஒரு காலுறையில் ஓட்டை.

வடை சுட்டுக் கொடுத்தேன். பச்சை மிளகாயை விலக்கத் தெரியாமல் அப்படியே கடித்தான். கண்ணில் தண்ணீர் ஓட, எங்கள் மொழியில், "நல்லாய் இருக்கு மாமி" என்றான். தண்ணீர் கேட்கவில்லை. அந்த அழுத்தம் பிடித்திருந்தது, அவனிடம் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் சுவீடிஷில்தான். ஆரணி கலியாணச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகுகிறாளாம். வெள்ளைச் சப்பாத்தோடு சமைக்கிறாள், பல் விளக்குகிறாள் என்றான். மச்சாள் அவளுக்கும் போன் எடுத்துத் தானே காசு வைப்பதாகச் சொன்னாளாம்.

"ஆரணி என்ன சொன்னாள்?" என்று கேட்டேன். பூக்களை நீரில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"வேண்டாம் என்றாள். வைத்தால் அம்மா வைக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். நெடுநேரம்."

பிறகு கேட்டான்: "நீங்கள் வருவீர்களா?"

"பார்ப்போம்" என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு 'பார்ப்போம்' என்றால் வரமாட்டேன் என்று விளங்கும். இந்தப் பையன் முகம் மலர்ந்து, என் பெயரில் ரயில் ரிக்கற் எடுத்துவைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீடு முழுவதும் சிரேன் மணம்.

ஜூன் 3, சனி

இப்போது இரவு என்று ஒன்று வருவதில்லை. வெளிச்சம் கஞ்சித் தண்ணீர் மாதிரி நீர்த்துப்போகிறது, அவ்வளவுதான். திரையை எவ்வளவு இழுத்துவிட்டாலும் ஓரத்தால் உள்ளே வந்து கட்டிலடியில் நிற்கிறது. நித்திரையா விழிப்பா என்று தெரியாமல் கிடக்கிறேன்.

அப்படிக் கிடந்தபோது அவரைக் கண்டேன். பெரிய தண்ணீர், கடலோ ஏரியோ தெரியவில்லை. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுத் தண்ணீருக்குள் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தோலை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். அவை வள்ளம் மாதிரி மிதந்து போயின. "எனக்கு ஒரு சுளை தாருங்கோ" என்றேன். "நீ இஞ்சை இறங்கி வந்தால்தானே" என்றார். "முழங்கால்" என்றேன். சிரித்தார். அவருக்கும் அந்தச் சாட்டு எடுபடவில்லை.

காலையில் ஏலக்காய் டின்னைத் திறந்து தாலிக்கொடியை எடுத்துப் பார்த்தேன். சும்மாதான். அவருடைய காரியங்கள் முடிந்த பிறகு அதில் வைத்தது. எங்கள் பக்கத்துக் கொடிக்கே உரிய பாரம். தாலிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பவுண் காசு, ராணியின் தலை போட்டது. காசுகளில் ஏலக்காய் மணம் ஏறியிருக்கிறது.

ஜூன் 7, புதன்

கொடியைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சிரியாக்காரர் ஒருவரின் நகைக்கடை. "விற்கவா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "உருக்கவா?" "இல்லை." பிறகு நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருதரம் பார்த்தார். சின்னக் குறடு ஒன்றை எடுத்தார். கூலி வாங்கவில்லை. "மகளுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

சுத்தம் செய்தால் கொடியின் நிறை குறையும்போல. திரும்பி வரும்போது கைப்பை ஒரு பக்கம் லேசாக இருந்தது.

ஜூன் 11, ஞாயிறு

வீட்டு வேலைகள். யன்னல் துடைத்தேன். பழைய பெட்டியில் என் கூறைச்சேலை கிடந்தது. தலைப்பின் ஓரம் ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது. ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். கையில் சின்னத் தையல் வேலை ஏதாவது இருந்தால் பொழுது போகும்.

ஜூன் 15, வியாழன்

ரயிலில் எழுதுகிறேன். பொந்துஸ் எடுத்த ரிக்கற் திருப்பிக் கொடுக்க முடியாத வகை. அதை வீணாக்க மனமில்லை. போகிறேன் என்பதற்காகக் கலியாணத்துக்கு வருகிறேன் என்று அர்த்தமில்லை. ஆரணியிடமும் அப்படித்தான் சொன்னேன்: "இடம் பாக்க வாறன்."

"வாங்கோ, வந்து இடத்தைப் பாருங்கோ" என்றாள். குரலில் ஒரு சிரிப்பு. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

வழி முழுவதும் மரங்கள். அவற்றுக்கு நடுவே திடீர் திடீரென்று தண்ணீர் தெரிந்து மறைகிறது, யாரோ கண்ணாடித் துண்டைக் காட்டிக் காட்டி ஒளிப்பதுபோல. எதிரே இருந்த கிழவர் நித்திரையில் சிரித்தார். எனக்கும் கண் சொருகியது. ரயில் தண்ணீருக்கு மேலே போவதாகவும் தோடம்பழத் தோல்கள் கூடவே வருவதாகவும் இருந்தது.

நிலையத்தில் பொந்துஸின் தாய் குன்வோர் நின்றாள். உயரமான மனுஷி, ஆண்களின் நடை. என் பெட்டியைக் கேட்காமலே தூக்கினாள். "சற்குணவதி" என்றாள். முழுப் பெயரும், பிசகாமல். காரில் போகும்போதுதான் ஒப்புக்கொண்டாள், ஆரணியிடம் கேட்டு, மாடு கறக்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகினாளாம்.

ஜூன் 16, வெள்ளி

குன்வோரின் வீடு சிவப்புப் பூசிய மரவீடு. முற்றத்துக் கீழே புல் இறக்கம், அது முடிகிற இடத்தில் ஏரி. வெள்ளைப் பட்டை மரத்தின் இலைக்கிளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு என்னையும் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் ஏணியில் ஏறி வாசலைச் சுற்றிப் பச்சிலை மாலை கட்டினாள். நான் கீழே நின்று கிளை எடுத்துக் கொடுத்தேன்.

வரும் வழியில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லின் முன் நின்று, மீந்த கிளையை அதில் சாய்த்தாள். கணவர் போய் இரண்டு வருடம்.

எனக்குத் திடுக்கிட்டது. "உங்களுக்கும் இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள்.

"நீங்களா வாசல் மாலை கட்டினீர்கள்?"

"வேறு யார் கட்டுவார்கள்? என் மகனின் கலியாணம்" என்றாள். பிறகு, மாலை கோணலாகத் தெரிகிறது என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கோணல் இல்லை. நன்றாகத்தான் கட்டியிருந்தாள். வாசலடியால் போய் வந்த ஊர்க்காரர் எல்லோரும் அந்த மாலையைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. ஏரியிலிருந்து காற்று வந்தபோது இலைகள் மட்டும் சலசலத்தன.

பின்னேரம் மச்சாளும் பிரணவனும் வந்தார்கள். பிரணவனின் மனைவிக்கு மாதம் நெருங்கிவிட்டதால் அவள் வரவில்லை. அவன் என் காலடியில் இருந்து ஏதேதோ கதைத்தான். முன் தலையில் மயிர் கொட்டியிருக்கிறது. தலைப்பாகைக்குள் அன்று தெரியவில்லை.

மச்சாள் தன் கைப்பையைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றிய புதுப் பொன்காசைக் காட்டினாள். "எப்பிடி இருக்கு சற்குணம்?" "நல்லாய் இருக்கு மச்சாள்" என்றேன். நல்ல காசுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு குன்வோரிடம் ஊசியும் நூலும் கேட்டேன். என்னுடைய நூலை உப்சாலாவிலேயே விட்டுவிட்டேன். இன்னும் ஒன்று கேட்டேன். அவள் ஒன்றும் விசாரிக்காமல் மேலே போய், அதை ஏப்ரனுக்குள் மறைத்துக் கொண்டுவந்து தந்தாள். யன்னலடி வெளிச்சத்திலேயே தைத்து முடித்தேன். விளக்குத் தேவைப்படவில்லை.

நாளைக்கு நான் முற்றத்துக் கதிரையில் இருந்துகொள்வேன். அங்கிருந்து தேவாலயத்தின் கூரை தெரியும்.

ஜூன் 17, சனி

எல்லாம் முடிந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். காலையில் இருந்த வெளிச்சம் இன்னும் அப்படியே நிற்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் முற்றத்தில்தான் இருந்தேன். ஏரியில் பனி கிடந்தது, பால் ஆடை மாதிரி. மேலே ஆரணியை உடுத்துகிற சத்தம் கேட்டது. ஊசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைவு வந்தது. கடன் வாங்கிய ஊசி. ஆகையால் மேலே போனேன்.

யன்னல் திறந்திருந்தது. ஆரணி கட்டில் ஓரத்தில் வெள்ளை உடுப்போடு இருந்தாள். தலையில் தேவாலயத்திலிருந்து இரவல் வாங்கிய சின்னக் கிரீடம். ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீருக்குள் பார்ப்பதுபோல அசைந்தாள். குன்வோர் சப்பாத்துகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரணவன் வெள்ளிக்காசோடு நின்றான். மச்சாள் பட்டுச்சேலையும் பொட்டும் பூவுமாக முன்னுக்கு வந்து, "கொண்டாங்கோ சப்பாத்தை" என்று கை நீட்டினாள்.

ஆரணி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "மாமி, அது அம்மாக்கு."

"பிள்ளை, நல்ல நேரத்திலை அடம் பிடியாதை. அம்மாவின்ரை கையாலை ஏலாது. அவவுக்கே அது தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிலைப்படியில் நின்றேன். கையில் ஊசி. பிரணவனும் என்னைப் பார்த்தான், லண்டனில் பார்த்த அதே பார்வை. இங்கே அவனைத் திருப்ப ஐயர் இல்லை. அவன் காசைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து என் முழங்கையைப் பிடித்தான்.

"அம்மா, நீங்கள் முதல் வையுங்கோ. பிறகுதான் நான் வைப்பன்."

சொல்லிவிட்டு என் முழங்கையிலேயே தன் பாரத்தைச் சாய்த்தான். பாவம், காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டான்.

நான் உள்ளே போனேன். குன்வோரிடமிருந்து வலது சப்பாத்தை வாங்கினேன். மடியில் முடிந்திருந்த காசை எடுத்தேன்.

மச்சாள் கிட்ட வந்து பார்த்தாள். "சற்குணம்! இது கொடிக் காசெல்லோ? கழட்டி வைச்ச கொடியிலை கிடந்ததைப் பிள்ளைக்கோ வைக்கப்போறீர்?"

"ஓம். என்ரை கழுத்திலை கிடந்த காசு. உங்கடை தம்பி செய்விச்சுப் போட்டது. பிள்ளைக்குத் தகப்பன்ரை வீட்டிலை இருந்து வேறை என்ன இருக்கு?" என்றேன். மூச்சு வாங்கியது. படி ஏறியதால். "யன்னலடியிலை நல்ல காத்து வருகுது மச்சாள். நீங்கள் கொஞ்சம் பின்னாலை இருங்கோ."

குன்வோருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. என் கை காட்டிய பக்கத்தைப் பார்த்து, உடனே ஒரு கதிரையைத் தூக்கி யன்னலடியில் போட்டு, மச்சாளுக்கு மிகுந்த மரியாதையோடு கை காட்டினாள். மச்சாள் இருந்தாள். வேறு என்ன செய்வாள்.

"பொன்னை மிதிக்க விடமாட்டன் எண்டு சொன்னன்தானே" என்று ஆரணியிடம் சப்பாத்தைக் காட்டினேன். உள்பக்கம், பாதத்தின் வளைவு வரும் இடத்தில், அடித்தோலுக்கு மேலே, கூறைச்சேலைத் துண்டில் சின்னப் பை தைத்திருந்தேன். காசு அதற்குள் சரியாக இருந்தது. காலுக்குப் பக்கத்தில் இருக்கும். காலுக்குக் கீழே வராது. அவர்களின் வழக்கமும் கெடாது, என் சொல்லும் கெடாது.

ஆரணி கூறைப்பட்டை விரலால் தடவினாள். "ஏலக்காய் மணக்குது அம்மா" என்றாள். விரலை எடுக்காமலே மூக்கை உறிஞ்சினாள்.

"அழாதை. மை கரையும்."

மண்டியிட்டு நானே சப்பாத்தைப் போட்டுவிட்டேன். முழங்கால் மடங்கியது. எழும்பத்தான் மகனும் குன்வோரும் பிடிக்க வேண்டியிருந்தது.

தேவாலயத்தில் எனக்கு முன்வரிசை. எனக்கு முன்னால் தூணும் இல்லை, தலையும் இல்லை. பச்சிலை வாசலால் இரண்டு பேரும் கை கோத்து உள்ளே வந்தார்கள். எவரும் எவரையும் கொடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் வெளிச்சம் அவர்களின் பின்னாலிருந்து வந்ததால் ஆட்கள் தெரியாமல் நடை மட்டும் வருவதுபோல இருந்தது. கல் தரையில் வலது சப்பாத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விருந்து ஏரிக்கரையில் ஒரு தானியக் கொட்டகையில். இடையில் பொந்துஸ் எழும்பி வெளியே போனான். உடனே அங்கிருந்த ஆண்கள் எல்லோரும் வரிசையாக ஓடிவந்து ஆரணியின் கன்னத்தில் முத்தமிட்டார்கள். மாப்பிள்ளை வெளியே போனால் அப்படிச் செய்வது இங்கே முறையாம். மச்சாள், "ஐயோ பிரணவன், பிடியடா!" என்று கத்தினாள். பிரணவன் சிரித்துக்கொண்டே அவள் காதில் விளக்கம் சொன்னான். "அப்ப பொடிச்சி வெளியிலை போனால்?" என்று கேட்டாள். ஆரணி வெளியே போனபோது பெண்கள் எல்லோரும் பொந்துஸிடம் ஓடினார்கள். நான் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அவனே வந்து குனிந்து கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். கொஞ்சினேன். பிள்ளை காத்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது.

பேசுவதற்கு நான் முன்கூட்டியே பதியவில்லை. ஆனாலும் கரண்டியால் கிளாசைத் தட்டிவிட்டு எழும்பினேன். பேச்சுகளை நடத்துகிற பெண் தாளைப் புரட்டினாள். தேடட்டும். தெரிந்த சுவீடிஷில் சொன்னேன்:

"இன்று டாலர்னாவில் வெயில். லேசான தென்காற்று. நாளை எப்படி என்று எனக்குத் தெரியாது. சில இடங்களில் பலத்த காற்று வீசும், மழையும் பெய்யும். அப்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் நில்லுங்கள்."

முதலில் சிரித்தார்கள். பிறகு கிளாசுகளைக் கீழே வைத்தார்கள். குன்வோர் மேசைத் துணியால் மூக்கைத் துடைத்தாள். நல்ல துணி, பாழாக்கிவிட்டாள்.

எல்லோரும் ஆடினார்கள். நான் வெளியே வந்து புல்லில் நின்றேன். தண்ணீரும் வானமும் ஒரே நிறம். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. படகுத்துறையில் ஒரு மனிதர் காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருந்தார். குன்வோரின் உறவுக்காரர் யாராவதாக இருக்கும். நான் கிட்டப் போகவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 18, ஞாயிறு

மச்சாள் காலையில் தேத்தண்ணீர் போட்டு எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து தந்தாள். சீனி கூடுதலாகப் போட்டிருந்தாள். முழுவதையும் குடித்தேன். "உம்மடை மகன்காரன் என்னோடை கதைக்கிறான் இல்லை" என்றாள். "கதைப்பான் மச்சாள்" என்றேன்.

பிறகு ஆரணி வெறுங்காலோடு புல்லில் நொண்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். வலது காலைத் தூக்கி என் மடியில் போட்டாள். சின்ன வயதில் முள் எடுக்கக் கொண்டுவந்து போடுகிற மாதிரி.

"அம்மா, நீங்கள் தைச்ச பை ஆடேக்கை பிஞ்சு போச்சு. காசு காலுக்குக் கீழை வந்திட்டுது."

"எடுக்கிறதுதானே?"

"எடுக்கேல்லை. கடைசி மட்டும் அதின்ரை மேலைதான் ஆடினனான்."

உள்ளங்காலில் வட்டமாகச் சிவந்திருந்தது. குனிந்து பார்த்தேன். விளிம்பின் பல்லும், ராணியின் மூக்கும்கூடத் தெரிந்தன. குன்வோரின் சமையலறையிலிருந்து எண்ணெய் எடுத்துவந்து அந்த இடத்தில் பூசித் தேய்த்தேன். கூசியிருக்கும். ஆனால் நான் கையை எடுக்கும்வரை அவள் காலை இழுக்கவில்லை.

நான் இறுக்கித்தான் தைத்தேன். பிழை குன்வோரின் நூலில். என்னுடைய நூலாக இருந்திருந்தால் அறுந்திருக்காது.